மானும் உண்ணியும் லைம் நோயும்

திருகோணமலைப் பிரெடரிக் கோட்டையினூடாகக் கோணேசர் ஆலயத்துக்குச் செல்வோர், வழியில் அச்சமின்றி உலவும் புள்ளிமான்களைக் காண்பர். மானின் உடலில் உண்ணி ஒட்டி வாழ்தல் இயல்பு. மேனாடுகளில் லைம் என்னும் நோய் மானுண்ணியாற் பரவுகின்றதெனக் கேள்வியுறுவோர், மானே அந்நோயின் பிறப்பிடம் என எண்ணுதல் கூடும். அவ்வெண்ணம் பொருந்தாமை அந்நோயின் வரலாற்றால் விளங்கும்.

அமெரிக்காவின் கொனெற்றிக்கற் மாநிலத்து லைம் என்னும் ஊரிலும் அதன் அயலிலும் சிறுவர் பலர் மூட்டுவீக்கத்தால் வருந்தியமை 1975 ஆம் ஆண்டில் மருத்துவரின் கருத்தை ஈர்த்தது. ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று. 1981 இல் வில்லி பேர்க்டோபர் என்னும் ஆராய்ச்சியாளர் உண்ணியின் குடலிற் சுருள் வடிவான பற்றீரியாக்களைக் கண்டார். அவை 1984 இல் அவர் பெயரால் பொறேலியா பேர்க்டோபெரி எனப் பெயரிடப்பெற்றன.

மானுண்ணி முட்டையினின்று வெளிவரும்போது இக்கிருமியைக் கொண்டிருப்பதில்லை. குடம்பி, இளவுண்ணி, முதிர்ந்த உண்ணி என்னும் மூன்று பருவங்களிலும் அது ஒவ்வொரு முறையே குருதி உண்ணும். குடம்பியாய் வெண்பாதச் சுண்டெலி போன்ற சிற்றுயிர்களைக் கடிக்குங்கால் கிருமி அதனுட் புகுகின்றது. பின்னர்க் கசகசா வித்தளவினதாகிய இளவுண்ணி மனிதனைக் கடித்து அக்கிருமியை அவனுடலிற் செலுத்துகின்றது. மானோ முதிர்ந்த உண்ணிக்கு உணவளிப்பதன்றிக் கிருமிக்கு இடமளிப்பதில்லை. மானின் குருதியிலுள்ள காப்புப் புரதங்கள் அதனை அழித்துவிடுகின்றன. எனவே உண்ணியைப் பெருக்குவது மான். கிருமியைப் பேணுவது சுண்டெலி.

இவ்வகைப் பற்றீரியாக்களுள் இன்று இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இப்பன்மைக்கு ஒரு காரணம் யாதெனின், எல்லா உயிர்களின் குருதிக் காப்பையும் ஒரே கிருமி வெல்ல இயலாமையாகும். ஐரோப்பாவிற் பொறேலியா அவ்செலி எலியினங்களிலும், பொறேலியா கரினி பறவைகளிலும் தங்கி வாழ்கின்றன. மனிதரிடத்து முன்னையது பெரும்பாலும் தோலையும், பின்னையது நரம்புகளையும், அமெரிக்க இனம் மூட்டுகளையும் தாக்கும். கரினி கடற்பறவைகளின் உண்ணிகளிலும் காணப்படுதலால், அக்கிருமிக்குக் கடலும் தடையன்று.

இந்நோயைப் பரப்பும் முதன்மையான உண்ணியினங்கள் நான்கும் வட அரைக்கோளத்தின் மிதவெப்பக் காடுகளுக்குரியன, இலங்கையில் வாழ்வனவல்ல. ஆயினும், ரிக்கெற்சியாக் கிருமியால் விளையும் புள்ளிக் காய்ச்சல் இந்நாட்டிலும் உண்ணிகளாற் பரவுகின்றது. ஆதலின் கோட்டை மான்களை வெறுத்தல் வேண்டா. உண்ணிக்கடியைப் புறக்கணித்தலும் ஆகாது. தோலிற் பற்றிய உண்ணியை எண்ணெய் பூசியோ நெருப்பாற் சுட்டோ அகற்ற முயலாது, நுண்ணிய சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே இழுத்தெடுத்தல் வேண்டும். பின்னர்க் காய்ச்சலோ தோலிற் புள்ளிகளோ தோன்றின், உண்ணி கடித்த செய்தியை மருத்துவரிடம் தவறாது கூறுதல் கடன். அச்செய்தி தெரியாதவிடத்து நோய் வேறொன்றாகக் கருதப்படலாம்; தெரிந்தவிடத்து டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தைக் காலந்தாழ்த்தாது அளித்துப் பெரும்பாலும் எளிதிற் குணப்படுத்தலாம்.