யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

நாற்பது ஆண்டு இந்தி டிவி நகைச்சுவையில் இன்றும் ரசிக்க முடிகிற தொடர்கள் எவை? பிறரின் உச்சரிப்பையும் நிறத்தையும் நம்பாதவை.

மும்பையில் 2025 அக்டோபர் 25ஆம் தேதி நடிகர் சதீஷ் ஷா காலமானபோது இரண்டு தலைமுறை ரசிகர்கள் இரண்டு வேறு மனிதர்களை நினைத்துக்கொண்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அவர் 'யே ஜோ ஹை ஜிந்தகி' (1984) தொடரில் எபிசோடுக்கு ஒரு வேஷத்தில் வந்து நின்றவர். இளையவர்களுக்கோ 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' (2004) தொடரில் மனைவியையும் இளைய மகனையும் சீண்டுவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருந்த இந்திரவதன்.

இரண்டு தொடர்களுக்கும் இடையே இருபது ஆண்டுகள். இரண்டையும் இன்று போட்டுப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. அதே காலத்தில் வந்து வீட்டையே அதிரவைத்த வேறு பல தொடர்களைப் பத்து நிமிடம்கூடப் பார்க்க முடிவதில்லை. காரணத்தைத் தேடினால் ஒரு கேள்வியில் போய் முட்டுகிறது: அவை நம்மை யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னன?

'யே ஜோ ஹை ஜிந்தகி' வந்தபோது நாட்டில் தூர்தர்ஷனை விட்டால் வேறு டிவி கிடையாது. 'ஜானே பி தோ யாரோ' (1983) படத்தை எடுத்த குந்தன் ஷா இத்தொடரின் இயக்குனர்களில் ஒருவர். வசனத்தில் இந்தி அங்கத எழுத்தாளர் சரத் ஜோஷியின் கை. கணவனாக ஷஃபி இனாம்தார், மனைவியாக ஸ்வரூப் சம்பத், கூடவே தங்கிவிட்ட மைத்துனனாக ராகேஷ் பேடி. இன்று பார்க்கையில் வேகம் குறைவு. செட்டின் சுவர்கள் நாடக மேடைத் தட்டிகள் போலத் தெரிகின்றன. ஆனால் அந்த வீட்டில் யாரும் பார்ப்பவரைவிட மட்டமானவர்கள் அல்ல. ஒரு சின்னப் பொய், அதை மறைக்க இன்னொன்று, இதற்கிடையே சதீஷ் ஷா புது மீசையோடு உள்ளே நுழைவார். ஐம்பதுக்கும் மேற்பட்ட வேஷங்கள் அப்படி.

அடுத்து வந்த நல்ல தொடர்கள் இன்னொரு படி ஏறின. பிரகாஷ் ஜா இயக்கிய 'முங்கேரிலால் கே ஹசீன் சப்னே'யில் (1989) ரகுவீர் யாதவ் ஒரு சாதாரண குமாஸ்தா. வீட்டிலும் ஆபீஸிலும் அவரை மதிப்பாரில்லை. ஆனால் பகல் கனவில் அவர் ராஜா. 2001இல் தொடங்கிய 'ஆபீஸ் ஆபீஸ்' தொடரின் முசத்தி லாலுக்குக் கனவு காணவும் நேரமில்லை. பங்கஜ் கபூர் நடித்த அந்த அப்பாவி வாரம் ஒரு அலுவலகத்தின் படியேறுவார். துறை மாறும், நாற்காலியில் இருப்பவர்கள் மாற மாட்டார்கள். அதே ஐந்து நடிகர்கள்: சமோசா தின்னும் பாட்டியா, வாய் நிறைய வெற்றிலைச் சாறோடு பேசும் சுக்லா என்று. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே முகம்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. 2011இல் வந்த அதன் திரைப்பட வடிவத்தில் தான் உயிரோடிருப்பதையே அந்த மனிதர் நிரூபிக்க வேண்டியிருந்தது. சிரிப்பு முசத்தி லாலின் பக்கம் நின்றது. அடி மேஜைக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

எல்லாத் தொடர்களையும் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 1977இல் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரைத் தழுவி 1993இல் வந்த 'ஜபான் சம்பால் கே'யில் இந்தி கற்க வந்த மாணவர்களின் உச்சரிப்பே நகைச்சுவை. வேறு நல்ல வேலை கிடைக்காமல் வாத்தியாராகிவிட்ட பங்கஜ் கபூரின் முகத்தில் தெரியும் அலுப்புதான் அதைக் காப்பாற்றியது. அலுப்பு தீர்ந்து உச்சரிப்பு மட்டும் மிஞ்சுகிற இடங்களில் இந்தி தாய்மொழியல்லாத பார்வையாளருக்கு நெளியத்தான் தோன்றும்.

2008 ஜூலையில் தொடங்கி 4,000 எபிசோடுகளைத் தாண்டிய 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா'வில் இது தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான விஷயம். குஜராத்தி எழுத்தாளர் தாரக் மேத்தாவின் பத்திரிகைத் தொடரை அடிப்படையாகக் கொண்ட இதன் கோகுல்தாம் குடியிருப்பில் குஜராத்தி, மராட்டியர், பஞ்சாபி எல்லோரும் கூடி வாழ்கிறார்கள். அங்கே ஒரு தமிழர்: கிருஷ்ணன் ஐயர், விஞ்ஞானி, மனைவி வங்காளி. நல்ல கற்பனைதான். ஆனால் தமிழரல்லாத தனுஜ் மகாசப்தே நடிக்கும் அந்த ஐயரின் அடையாளம் நெற்றித் திருநீறும் வாய் ஓயாத 'ஐயோ'வுமாகச் சுருங்கிவிட்டது. நிறத்தைச் சீண்டும் வசனங்களும் வந்து போகின்றன. மும்பையிலோ டெல்லியிலோ பள்ளிக்குப் போகும் தமிழ்க் குழந்தைக்கு அடுத்த நாள் வகுப்பில் என்ன பட்டப்பெயர் கிடைக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

இதற்கு நேர் எதிர் 'சாராபாய்'. மாமியார்-மருமகள் கண்ணீர் சீரியல்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் வந்து அந்தச் சண்டையையே தலைகீழாக்கிய தொடர் இது. தென் மும்பை மேட்டுக்குடி மாமியார் மாயா (ரத்னா பாடக் ஷா); பேரம் பேசிச் சாமான் வாங்குவதில் பெருமைப்படும் மருமகள் மோனிஷா (ரூபாலி கங்குலி). மனிஷா என்ற பெயர் ரொம்ப 'மிடில் கிளாஸ்' என்று மோனிஷாவாக மாற்றியவரே மாயாதான். கேலி யாரை என்பதில்தான் சாமர்த்தியம். மாயா மருமகளைக் கொத்துகிறார். நாம் சிரிப்பதோ மாயாவின் பகட்டை. மோனிஷாவும் தப்புவதில்லை, அவருடைய கஞ்சத்தனத்தில் பலருக்குத் தங்கள் வீடு தெரியும். முதலில் ஒளிபரப்பானபோது பெரிய வரவேற்பில்லை. பின்னாளில் ரசிகர்கள் தேடித் தேடிப் பார்த்ததால் 2017இல் இணையத்தில் இரண்டாம் பாகமே வந்தது.

'முங்கேரிலால்' ரகுவீர் யாதவ் 2020இல் 'பஞ்சாயத்' மூலம் மறுபடி வீடுகளுக்குள் நுழைந்தார். உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் புலேரா என்ற கற்பனைக் கிராமம். மனைவி மஞ்சு தேவி (நீனா குப்தா) தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். அதிகாரம் பண்ணுவது கணவர் ரகுவீர். மாதம் 20,000 ரூபாய்க்குச் செயலாளராக வரும் பட்டணத்துப் பையன் (ஜிதேந்திர குமார்) ஊரையே இளக்காரமாகப் பார்க்கிறான். கல்யாண வீட்டில் அவனுடைய சுழல் நாற்காலிக்காக நடக்கும் சண்டையில் யார் அற்பம் என்ற கேள்வி அவனையும் சேர்த்தே எழுகிறது. 2025இல் வந்த நான்காவது சீசனில் தேர்தல் சண்டை கனத்துப்போய் சிரிப்பு மெலிந்தது வேறு கதை.

தமிழில் இது 'தலைவெட்டியான் பாளையம்' (2024) ஆனது. இயக்கம் நாகா, தலைவரும் கணவருமாகத் தேவதர்ஷினி, சேத்தன். நடிப்பில் குறையில்லை. ஆனால் பல காட்சிகள் இந்தி மூலத்தின் தடத்திலேயே நடக்கின்றன. 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் ஒரு தம்பதியின் சில்லறைச் சண்டைகளைத் தமிழ் வீட்டுக்குள்ளிருந்தே எடுத்துத் தந்தவர் நாகா. அதைப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

'பஞ்சாயத்' முதல் சீசனின் கடைசியில் குடியரசு தினம். கணவருக்குப் பதில் தலைவரே கொடியேற்ற வேண்டும். அதற்காக மஞ்சு தேவி தேசிய கீதத்தை மனப்பாடம் செய்கிறார். ஒத்திகையில் அவர் வரிகளைக் குழப்பும்போது பார்ப்பவர் சிரிக்கிறார். கொடிமரத்தடியில் அவர் பாடத் தொடங்கியதும் அதே பார்வையாளர், எங்கும் திக்கிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.