படகு டிரெய்லருக்குப் பிரேக் தேவையா?

நீர்த்தேக்கங்களில் மீன்வளத்தை ஆராயும் பணியாளரும், வெள்ளக் காலத்தில் மீட்புப் பணிக்கு விரையும் பணியாளரும் படகுகளைத் தரைவழியே நெடுந்தூரம் கொண்டுசெல்ல நேரிடுகிறது. ஹிராகுட், நாகார்ஜுனசாகர் போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் படகை மாற்றுவதற்கும் சாலையே பல வேளைகளில் எளிய வழியாகிறது. இதற்கெனப் பயன்படுவது, ஜீப்பின் பின்னால் பூட்டி இழுக்கப்படும் இரு சக்கர டிரெய்லர்.

இந்த டிரெய்லருக்குத் தனியே பிரேக் வேண்டுமா என்பது அடிக்கடி எழும் வினா. ஜீப்பில் பிரேக் இருக்கும்போது பின்வண்டிக்கும் ஏன் என்று கேட்பவர் உண்டு. தண்ணீரில் முழுகும் வண்டிக்குப் பிரேக் பொருத்தினால் ஓராண்டில் துருவேறிப் போகும் என்று கூறுபவரும் உண்டு. இரண்டாவது கூற்றில் உண்மை இருக்கிறது. முதற் கூற்று ஆபத்தானது. அதன் காரணத்தைச் சிறு கணக்கால் அறியலாம்.

நிறுத்துவதற்கு வேண்டிய தூரம்

1,500 கிலோ எடையுள்ள ஜீப் ஒன்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் பிரேக் 9,000 நியூட்டன் விசை தருமாயின், ஒவ்வொரு விநாடியும் அதன் வேகம் விநாடிக்கு 6 மீட்டர் வீதம் குறையும். பிரேக்கை அழுத்திய இடத்திலிருந்து ஏறத்தாழ 10 மீட்டரில் ஜீப் நின்றுவிடும். இப்போது பிரேக் இல்லாத 750 கிலோ டிரெய்லரை அதனுடன் பூட்டுவோம். விசை முன்பு இருந்ததே. எடையோ 2,250 கிலோவாகிவிட்டது. ஆகவே வேகம் விநாடிக்கு 4 மீட்டர் வீதமே குறையும். நிற்பதற்கு 15 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் 60 கிலோமீட்டராயின் 23 மீட்டர் 35 மீட்டராகும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை அழுத்துவதற்குள் கடக்கும் தூரம் இவற்றில் சேரவில்லை.

பள்ளிக்கூட வாயிலில் சாலையைக் கடக்கும் குழந்தைக்கு அந்த 12 மீட்டர் மிகப் பெரிய தூரம். ஈரச் சாலையில் இவ்வேறுபாடு இன்னும் கூடும். வளைவில் பிரேக்கை அழுத்தினாலோ, பின்வண்டி ஜீப்பின் வாற்பகுதியை ஒருபுறமாகத் தள்ளி, இரண்டும் கத்தி மடங்குவதுபோல் மடங்கிவிடக்கூடும்.

எடையை அறிதல்

முடிவு செய்யும் முன் டிரெய்லரைச் சுமையுடன் எடைமேடையில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: படகு 300 கிலோ, டிரெய்லர் 220, எஞ்சின் 75, எரிபொருள் 40, நங்கூரம், கயிறு, உயிர்காப்பு அங்கிகள் முதலியன 65, ஆக 700 கிலோ. திறந்த படகில் 5 சதுர மீட்டர் பரப்பில் 20 மில்லிமீட்டர் மழை பெய்து, வடிகால் அடைப்பைத் திறக்க மறந்தால் 100 லிட்டர் நீர், அதாவது 100 கிலோ, கூடிவிடும். எடை 800 கிலோவாகிவிட்டது. கண்ணுக்கோ படகு அதே படகுதான்.

பிற நாட்டு விதிகள் இங்கே வழிகாட்டும். பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோ, அல்லது இழுக்கும் வண்டியின் எடையில் பாதி, இவற்றில் எது குறைவோ அதற்கு மேற்படக் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவே எல்லையாகும். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் என்னும் சொல்லில் டிரெய்லரையும் அடக்குகிறது. எனவே பிரேக், விளக்கு, பதிவு ஆகியவை குறித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிவது கடமை.

எவ்வகைப் பிரேக்?

படகு டிரெய்லருக்குப் பெரிதும் ஏற்றது ஓவர்ரன் பிரேக் எனப்படும் வகை. ஜீப் வேகம் குறைக்கும்போது பின்வண்டி அதனை முன்னோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளுதலால் இணைப்பு முனை சற்றே உள்ளே நகர்ந்து, ஒரு மாஸ்டர் சிலிண்டரை அழுத்த, டிரெய்லரின் சக்கரங்களில் பிரேக் பிடிக்கிறது. இதற்கு மின்கம்பியும் தனி மிதிகட்டையும் வேண்டா. மின்சாரப் பிரேக்குகள் அடிக்கடி நீரில் முழுகும் வண்டிக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. வண்டியைப் பின்னோக்கித் தள்ளும்போதும் இணைப்பு முனை அழுந்துவதால் பிரேக் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் இது தானாகவே விடுபடும். பழைய வகைகளில் ஒரு பூட்டாணியைச் செருக வேண்டும். படகை இறக்கிய பின் அவ்வாணியை எடுக்க மறந்தால் சாலையில் பிரேக் வேலை செய்யாது. நீண்ட மலையிறக்கத்தில் டிரெய்லர் ஓயாது தள்ளிக்கொண்டே வருவதால் அதன் பிரேக் மிகவும் சூடேறும். ஆங்காங்கே நிறுத்தி ஆறவிட்டுச் செல்லுதல் நன்று.

நீரும் துருவும்

நெடுந்தூரம் ஓடிய வண்டியின் சக்கரக்குடங்கள் சூடாயிருக்கும். உடனே குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரையும் சேற்றையும் உள்ளே இழுக்கும், பேரிங் கெடும். ஆகவே சற்று நேரம் ஆறவிட்டே இறக்க வேண்டும். சிலிகா போன்ற உவர்நீர் ஏரிகளில் ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவுதல் இன்றியமையாதது. டிரம் பிரேக்கின் உள்ளே மணல் தங்கும். டிஸ்க் பிரேக்கைக் கழுவுவது எளிது. நீரிலிருந்து ஏறிய பின் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்து உலர்த்துதல் வேண்டும்.

இவற்றைச் செய்யாமையால் பிரேக் இறுகிச் சக்கரம் சுழலாது நிற்பதுண்டு. அப்போது பலர் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுகின்றனர். பிரேக் உள்ளதென நம்பி மற்றொருவர் அதே வண்டியை வேகமாக ஓட்டும்போதுதான் விபத்து நேர்கிறது. பராமரிக்கப்படாத பிரேக், பிரேக் இல்லாமையைக் காட்டிலும் தீது.

முடிவு

சுமையுடன் 750 கிலோவையோ, ஜீப்பின் எடையில் பாதியையோ எட்டும் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம் வேண்டும். மலைப்பாதையிலும் நெரிசல் மிகுந்த சாலையிலும் அதனினும் குறைந்த எடைக்கே பொருத்துவது நலம். பராமரிக்க இயலாத நிலையம் சுமையைக் குறைக்க வேண்டும். எஞ்சினையும் எரிபொருளையும் வேறு வண்டியில் ஏற்றலாம். சிறிய டிரெய்லராயினும் காப்புச் சங்கிலியும் சக்கரத்துக்கு அண்டைக்கட்டையும் எப்போதும் தேவை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். சாய்பலகை ஒன்றில் மரக்கட்டையை வழுக்கவிட்டு, அது தரையில் நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறிக்கவும். பின்னர் அதன் பின்னே சுமையேற்றிய சிறு சக்கர வண்டியொன்றைக் குச்சியால் பிணைத்து, கட்டையை அதே உயரத்திலிருந்து விடவும். இரு கோடுகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை மாணவரே அளந்து பார்க்கட்டும்.