காந்தமே கண்ணாடி

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்த இரும்புக் கல் நிறைந்திருப்பது நேயர்கள் அறிந்ததே. 1830-களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் சேலம் ஜில்லாவின் கல்லை உருக்குவதற்கெனப் பரங்கிப்பேட்டையில் உலை அமைத்தார். இரும்புக்கும் காந்தத்துக்கும் உள்ள அந்தப் பழைய உறவே இன்று விஞ்ஞானத்துக்குப் புதுக் கண் அளித்திருக்கிறது. வருடு எலெக்ட்ரான் நுண்ணோக்கியையே குறிப்பிடுகிறோம்.

ஒளியைக் கொண்டு பார்க்கும் சாதாரண நுண்ணோக்கி, மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைந்த நுட்பத்தைப் பிரித்துக் காட்டாது. எலெக்ட்ரான் கதிர் அதனினும் மிக நுண்ணியது. ஆனால் கண்ணாடி வில்லை அதனைக் குவிக்காது, தடுத்தே விடும். ஆகவே செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, மெல்லிரும்பால் மூடி, உட்புறத்தில் வட்டமாக ஒரு சிறு இடைவெளி விடுகின்றனர். மின்சாரம் பாய்ந்ததும் அவ்விடைவெளியில் காந்த சக்தி திரள்கிறது. விலகிச் செல்லும் எலெக்ட்ரான்கள் சுழன்று நடுவே கூடுகின்றன. இத்தகைய சுருள் வில்லையாகும் என்பதை 1926-இல் ஜெர்மானியரான ஹான்ஸ் புஷ் கணித வாயிலாக நிறுவினார். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் குவியும் இடம் மாறும்; வில்லையை நகர்த்த வேண்டுவதில்லை.

இவ்வில்லைகள் பொருளைப் பெரிதாக்குகின்றன என்று எண்ணுவது தவறு. அவை கதிரைச் சிறிதாக்குகின்றன. பதினாயிரம் மடங்கும் சுருக்குவதுண்டு. அந்த ஊசிமுனை பொருளின்மேல் வரிவரியாக வருடிச் செல்ல, அங்கிருந்து எழும் எலெக்ட்ரான்கள் திரையில் படமாகின்றன. பொருளில் 10 மைக்ரான் அகலம் வருடியது திரையில் 10 சென்டிமீட்டராக விரிந்தால், உருப்பெருக்கம் 10,000 மடங்கு. பெருக்குவது இந்த விகிதமே. தெளிவைத் தருவது வில்லை.

காந்தப் புலம் எப்புறமும் ஒரு சீராக இல்லாவிடில் கதிர்முனை நீள்வட்டமாகும். உருண்டைத் துகளும் இழுபட்டுத் தோன்றும். அதனைச் சரி செய்யத் தனிச் சுருள்கள் உண்டு. இதனை அறியாத மாணவர், கருவியின் குறையைப் பொருளின் குணமென்று ஆராய்ச்சியேட்டில் எழுதிவிடக்கூடும். அது விஞ்ஞானமாகாது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இன்று கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மாணவர் படத்தை மட்டும் பெற்றுத் திரும்பலாகாது. ஒரு சுருளையேனும் தம் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். 1940-களில் கல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தா எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்றை அமைத்துக் காட்டினார். அவருடையது கதிர் ஊடுருவும் வகையைச் சேர்ந்தது; எனினும் அதிலும் காந்தமே வில்லை. அன்று கல்கத்தாவில் இயன்றது, கஞ்சமலை அடிவாரத்தில் இன்று ஏன் இயலாது?