நம் சாஸ்திரமும் அயலார் நடத்தையும்

மதங்களை ஒப்பிட்டுப் பேசுவது நமது மேடைப் பிரசங்கிகளுக்கு மிகவும் பிரியமான காரியம். தம் மதத்திலிருந்து மிக உயர்ந்த வாக்கியத்தை எடுக்கிறார்கள். பிற மதத்திலிருந்தோ, அதைச் சேர்ந்தவர் என்றோ செய்த மிக இழிந்த செயலை எடுக்கிறார்கள். இரண்டையும் நிறுத்துத் தம் தட்டே கனத்ததென்று மகிழ்கிறார்கள். இதைத் தராசு என்பது வியாபாரிகளுக்கு அவமானம்.

நூலோடு நூலை ஒப்பிடுவோம். பொறுமை என்னும் ஒரு குணம் போதும். வள்ளுவர் பொறையுடைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஜைனர் தமது பத்துத் தருமங்களில் உத்தம க்ஷமையை முதலாவதாக வைத்தனர். பௌத்தரின் பத்துப் பாரமிதைகளில் க்ஷாந்தி ஒன்று. ஏசுநாதரின் மலைப்பிரசங்கத்தை அறியாதவர் இலர். குர்ஆன் தீங்குக்கு அதே அளவில் பதில் செய்ய இடந்தருகிறது. ஆயினும் மன்னிப்பவனுக்குக் கைம்மாறு இறைவனிடம் உண்டென்கிறது. மனிதனுக்கு இழைத்த பிழை, அவனைச் சமாதானப்படுத்தினாலன்றிப் பிராயச்சித்த நாளின் விரதத்தால் தீராது என்பது யூத ஆசாரியர்களின் விதி. இவ்விதியை நாம் மிகவும் மதிக்கிறோம். ஆலயத்தில் கணக்கைத் தீர்த்துவிட்டு அண்டை வீட்டானிடம் முகங்கொடாதிருப்பவர்கள் எல்லா மதத்திலும் உண்டல்லவா?

பொறுமைக்கு எல்லை எது என்ற கேள்வியும் பொதுவானதே. வனபர்வத்தில் திரௌபதி, எப்பொழுதும் பொறுப்பதும் நன்றன்று, எப்பொழுதும் சினப்பதும் நன்றன்று என்ற பிரகலாதன் வாக்கை எடுத்துக்காட்டுகிறாள். தருமபுத்திரரோ க்ஷமையே மேலென்று வாதாடுகிறார். இருவர் பேச்சும் நம் சாஸ்திரமே. எதைச் சொல்லி நாம் பெருமை கொள்வது?

இனி நடத்தையோடு நடத்தையை ஒப்பிடுவோம். 1947-ல் பஞ்சாபில் ஹிந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் ஆகிய மூவரும் கொன்றனர், மூவரும் மாண்டனர். அக்கணக்கில் எவருக்கும் லாபமில்லை. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பு நடந்ததையும் பார்க்க வேண்டும். பழிக்குப் பழி வாங்குவதைக் குலதருமமாகக் கொண்ட பட்டாணியரிடையே கான் அப்துல் கபார் கான் 1929-ல் குதாய் கித்மத்கார் சங்கத்தை நிறுவினார். பழி வாங்குவதில்லையென்று அதன் தொண்டர்கள் ஆண்டவன்பேரில் ஆணையிட்டனர். இது புதிய உபதேசமன்று, நபிகள் மக்காவில் அனுஷ்டித்ததே என்பது அவருடைய வாதம். 1930 ஏப்ரல் 23-ந் தேதி, பெஷாவரில் கிஸ்ஸா கானி கடைவீதியில் நிராயுதபாணிகளான ஜனங்கள்மீது ஆங்கில சர்க்காரின் பட்டாளம் சுட்டது, பலர் மடிந்தனர். அங்கே சந்திர சிங் தலைமையிலிருந்த கார்வாலிச் சிப்பாய்கள், ஹிந்துக்கள், சுட மறுத்தனர். ராணுவ விசாரணையில் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சுட்டது கிறிஸ்தவ சர்க்கார்தானே என்று யாரேனும் துள்ளியெழுந்தால், அவர் பழைய தராசையே மீண்டும் தூக்குகிறார். அதே மலைப்பிரசங்கத்தைப் படித்துத்தான் ருஷியாவில் டால்ஸ்டாய், தேவனுடைய ராஜ்யம் உள்ளத்தில் இருப்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1894-ல் வெளிவந்த அந்நூல் தென்னாப்பிரிக்காவிலிருந்த காந்தியடிகளை ஆட்கொண்டது. 1910-ல் கால்லன்பாக் என்ற யூத நண்பர் உதவிய நிலத்தில், ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே, டால்ஸ்டாய் பண்ணை தோன்றியது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன; அவர்களில் தமிழரும் இருந்தனர்.

ரமலான் மாதம் வந்தது. பசியைப் பொறுப்பதும் பொறுமையின் ஓர் அங்கமல்லவா? முஸ்லிம் சிறுவர்களுடன் ஹிந்து, பார்ஸிச் சிறுவர்களும் ஒருவேளை உணவோடு நோன்பில் சேர்ந்துகொண்டனர். சூரியன் அஸ்தமிக்கும்வரை காத்திருக்கும் கடமை முஸ்லிம்களுக்கே உண்டு. ஆகவே மற்றவர்கள் முன்னதாக உண்டு முடித்து, காத்திருந்த தோழர்களுக்காகச் சுவையான பண்டங்களைச் சமைத்துப் பரிமாறினர்.