ஒரு பங்கு நாம், இரண்டு பங்கு அரசு

கோயில் திருவிழாவுக்கு ஒரு ரசீது, கும்பாபிஷேகத்துக்கு ஒரு ரசீது, பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு ரசீது என்று நம் கல்லாப் பெட்டிக்குள் நன்கொடைச் சீட்டுகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. கொடுப்பதில் போடிப் பகுதி வணிகர்கள் பின்வாங்குவதில்லை. ஆனால் கடைக்கு எதிரே சாக்கடை உடைந்து கிடந்தால் மட்டும் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்கிறோம்.

தமிழக அரசு 1997-98ல் நமக்கு நாமே திட்டத்தைக் கொண்டுவந்தது. 2011-12ல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021ல் பழைய பெயரே திரும்பியது. ஆட்சிக்கு ஆட்சி பெயர்ப்பலகை மாறினாலும் சரக்கு ஒன்றுதான்: வேலை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். தனி ஆளும் கட்டலாம், சங்கமும் கட்டலாம்.

நமக்குப் பழக்கமான கணக்கிலேயே பார்ப்போம். ராசிங்காபுரத்திலோ சில்லமரத்துப்பட்டியிலோ கடைத்தெருவில் 3 லட்ச ரூபாய்க்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கடைக்காரர்கள் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டால் 1 லட்சம் சேர்ந்துவிடும். மீதி 2 லட்சம் அரசுடையது. ஆளுக்கு 7,500 போட்டால் பாதி நம்முடையதாகிவிடும். இங்கேதான் வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் இருக்கிறது. ஊரகப் பகுதிக்கான விதிப்படி, பாதியோ அதற்கு மேலோ கட்டியவர்கள் வேலையைத் தாங்களே நடத்தலாம். அதற்குக் குறைந்தால் டெண்டர்தான். ஆளுக்கு 2,500 ரூபாய் கூடுதல், ஆனால் சிமென்ட் மூட்டையை எண்ணுகிற உரிமை நம் கையில். நம்மைக் கேட்டால் அந்த 2,500தான் முழுத் தொகையிலும் லாபமான பணம்.

எண்ணத் தெரிய வேண்டுமே என்பீர்கள். உண்மைதான். எஸ்டிமேட்டைப் படித்து, எத்தனை அடிக்கு எத்தனை ஜல்லி என்று கேட்கத் தெரியாத கமிட்டியிடம் பணம் இருந்து பயனில்லை. மக்கள் பங்கை ஒப்பந்தக்காரரே கட்டிவிட்டு வேலையையும் எடுத்துக்கொண்டால், பெயர்தான் நமக்கு நாமே. கட்டி முடித்த பிறகு மோட்டாரை யார் பார்ப்பது, விளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது என்பதும் முதலிலேயே பேசி எழுதிவைக்க வேண்டியது.

இந்தப் பயிற்சியில் நம்மை முந்தியவர்கள் பெண்கள். 1989ல் தருமபுரியில் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பின்னர் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவின. 12 முதல் 20 பேர் சேர்ந்த குழு. தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அவர்களே எழுதக் கற்றுக்கொண்டார்கள். நம் கோடவுன்களில் சல்லடையும் முறமுமாக உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறவர்களும், வீட்டுக்குப் போனால் இப்படியொரு குழுவின் கணக்கைப் பார்க்கிறவர்களாக இருக்கலாம். தெரு வேலைக்குக் கமிட்டி போடும்போது அவர்களில் இரண்டு பேரையாவது சேர்க்க வேண்டும். கணக்கு சுத்தமாக இருக்கும். தண்ணீர் எந்தக் குழாயில் வரவில்லை என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மலைப்பக்கம் நிலைமை வேறு. கொட்டகுடி ஊராட்சியில் குரங்கணிக்கு மேலே உள்ள குடியிருப்புகளுக்கு நம் அரிசியும் பருப்பும் பல ஆண்டுகளாகக் குதிரை முதுகில்தான் ஏறியிருக்கின்றன. கூலி வேலையை நம்பிய குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு எங்கே போகும்? ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்ற சலுகையைத் திட்டத்தில் வைத்தது இதனால்தான். 3 லட்ச ரூபாய் வேலைக்கு 60,000. அதுவும் அவர்களுக்குப் பெரிய தொகையே. அந்த ஊர்களுக்குச் சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரிகள் சிலர் கூடினால் நமக்கு அது ஒரு திருவிழா வசூல். ஆனால் குடிநீரா, பாதையா, விளக்கா என்பதை அங்கே குடியிருப்பவர்கள் சொல்லட்டும். நாம் போடியில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டாம்.

விதிகள் அவ்வப்போது மாறுவதால் பணம் வசூலிக்கும் முன் ஊரகப் பகுதியினர் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும், நகரத்தார் நகராட்சி அலுவலகத்திலும் அந்த ஆண்டின் பங்குத் தொகையையும், திட்டத்தில் நிதி இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டின் நகல் கையில் வந்த பிறகு டிராப்ட் எடுத்தால் போதும்.