காட்டை நம்பி ஒரு கடலோர ஊர்

பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் சொல்லும் பெயர் கோலா செபெத்தாங். பேராக் மாநிலத்தின் வட பகுதியில், தைப்பிங்கிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் மீனவர் பட்டணம். பலர் மதியம் வந்து இறால் மீ சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுகிறார்கள். காலையில் போய் இரவுவரை இருந்து பாருங்கள். இந்த ஊர் எதை நம்பி வாழ்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

தமிழில் ஒரு பெயர்ப்பலகை

முதலில் ஊருக்குள், கடைகளுக்கு நடுவே நிற்கும் பழைய ரயில் நிலையப் பலகையைத் தேடிப் பிடியுங்கள். இந்த ஊரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். அன்றைய ஆளுநர் பிரெடரிக் வெல்டின் நினைவாக வைத்தது. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. நீளம் சுமார் 13 கிலோமீட்டர். லாருட் சுரங்கங்களின் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுவருவதற்காகப் போட்ட பாதை அது.

இன்று தண்டவாளம் இல்லை, பலகை மட்டும் இருக்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனத்தோடு தமிழும் உண்டு. என் பத்து வயது மகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இங்கே எதுக்கு அப்பா தமிழ்?” என்று கேட்டாள். மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டதிலிருந்து நிலையங்களை நடத்தியதுவரை நம்மவர்கள் இருந்த கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கரிச்சூளை

அடுத்து கரிச்சூளை. வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது. அத்தாப்புக் கொட்டகைக்குள் செங்கல்லால் கட்டிய பெரிய கூண்டுகள், கவிழ்த்துவைத்த பானைபோல வரிசையாக நிற்கும். பட்டை உரித்த பாக்காவ் கட்டைகளைச் செங்குத்தாக அடுக்கி, வாசலில் தீ மூட்டுகிறார்கள். கட்டை எரிவதில்லை, சூட்டில் அதன் ஈரம் மெல்ல வெளியேறுகிறது. பிறகு சூளையை மூடி ஆறவிடுகிறார்கள். எல்லாம் முடிய ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு சூளையில் போகும் சுமார் 40 டன் பச்சை மரத்தில் கால்பங்குதான் கரியாக வெளியே வரும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை எப்படி அறிவீர்கள் என்று அங்கிருந்த சீனப் பெரியவரிடம் மலாயில் கேட்டேன். மூக்கைத் தொட்டுக் காட்டினார். புகையின் வாசனைதான் கணக்கு. பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லையா என்றேன். மகன் பினாங்கில் தொழிற்சாலையில் இருக்கிறான் என்று சிரித்தார். அந்த மூக்கின் அனுபவத்தை எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்க முடியாது. பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்ட நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

வெட்டியும் அழியாத காடு

இவ்வளவு மரம் வெட்டினால் காடு மிஞ்சுமா? மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பரப்பு சுமார் 40,000 ஹெக்டர். நூறு ஆண்டுகளுக்கு மேலாக வனத்துறை இதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பராமரிக்கிறது. ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி கன்று நட்டு, 30 ஆண்டு வளரவிட்ட பிறகே அங்கே முழு வெட்டு மறுபடி நடக்கும்.

இந்தக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் நடந்துபோய், சேற்றுக்கு மேலே வளைந்து நிற்கும் வேர்களைப் பாருங்கள். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்வது அவற்றுக்கிடையேதான். மதியம் நம் தட்டுக்கு வரும் இறாலுக்கும் இந்தச் சேற்றுக்கும் உள்ள உறவு அது.

படகும் பருந்தும்

மாலையில் படகு எடுத்து ஆற்று முகத்துவாரம் வரை போகலாம். அங்கே கோலா சங்கா என்ற மீனவர் குடியிருப்பு, தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கிறது. படகைத் தவிர வேறு வழியில் அங்கே போக முடியாது. வழியெல்லாம் செம்பருந்துகள் வட்டமிடும். நம் பாட்டிமார் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அதே பறவைதான். கோழித்தோல் வீசி அவற்றை வரவழைக்கும் படகுகளும் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீன் படகுகள் திரும்பும் நேரத்தில் அவை தாமாகவே வரும்.

இருட்டுக்காகக் காத்திருங்கள்

இரவு எட்டு மணிக்கு மேல் மின்மினிப் பூச்சிகள். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து, ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணையும். ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்கும் அழைப்பு அது. அவற்றின் புழுக்கள் வளர்வது ஆற்றங்கரையின் ஈர மண்ணில். கரையோர மரங்களை அழித்தாலோ, வெளிச்சம் போட்டாலோ மின்மினி இல்லை. அதனால் கைப்பேசியில் ஃபிளாஷ் வேண்டாம். கொசு மருந்தைப் படகில் ஏறுவதற்கு முன்பே பூசிக்கொள்ளுங்கள். நிலவு இல்லாத இரவு இன்னும் சிறப்பு.

கிளம்புவதற்கு முன்

வார இறுதியில் கூட்டம் அதிகம், படகை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. உயிர்க்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள். இறாலின் அளவுக்கேற்ப விலை ஏறும், உட்காரும் முன் கேட்டுவிடுங்கள். ஊரில் கிடைப்பது பெரும்பாலும் கடல் உணவுதான். சைவம் சாப்பிடுபவர்கள் தைப்பிங்கிலேயே சாப்பிட்டுவிட்டு வரலாம்.

வரும் வழியில் மாத்தாங்கில் ங்கா இப்ராஹிம் கோட்டை இருக்கிறது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் கொலை வழக்கின் விசாரணை 1876-இல் நடந்த இடம். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.