முதுகில் கசியும் விஷம்

மலேசியாவின் கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்த மலை இது. செடிகள் அடர்ந்து மூடிய இடத்தில் நிழலே களையை அடக்கிவிடும். இளங்கன்று நட்ட சரிவில் அப்படி விட முடியாது. களைக்கு மருந்தடிப்பவர் அங்கே முதுகில் பம்பைச் சுமந்து ஏற வேண்டும். 16 லிட்டர் பம்பு என்றால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால், ஒவ்வொரு அடிக்கும் கலவை தளும்பிச் சட்டையை நனைத்து இடுப்பு வரை இறங்கும்.

நனைந்தது எங்கே என்பதும் முக்கியம். 1971இல் தோல் மருத்துவ ஆய்வாளர் ஹோவர்ட் மெய்பாக் குழுவினர் பாரத்தியான் பூச்சிக்கொல்லியை மனிதத் தோலின் பல இடங்களில் தடவி அளந்தார்கள். முன்கையில் சுமார் 9 சதவீதம் உடலுக்குள் போனது. நெற்றியில் 36. விரைப்பையில் ஏறக்குறைய முழுவதும். கையுறை மட்டும் போட்டால் போதும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மலேசியத் தோட்டங்களில் நீண்டகாலம் புழங்கிய களைக்கொல்லி பாராகுவாட். நல்ல தோல் அதை எளிதில் உள்ளே விடாது. புண்ணோ சிராய்ப்போ இருந்தால் கதை வேறு. ரத்தத்தில் கலந்ததும் நுரையீரல் செல்கள் அதைத் தேடி இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். அங்கே அது ஆக்சிஜனைச் செல்களை அரிக்கும் பொருளாக மாற்றிக்கொண்டே இருக்கும், நுரையீரல் தழும்பேறிப்போகும். மாற்று மருந்து இல்லை. அடர் கரைசலில் ஓரிரு மடக்கே உயிரைக் குடித்துவிடும்.

மருந்தடித்த பெண்களின் மூக்கில் ரத்தம் வடிந்ததும் நகங்கள் கெட்டதும் வெளியுலகுக்குத் தெரிந்ததில் தெனகனித்தா என்னும் உரிமை அமைப்புக்கும் அதன் அப்போதைய இயக்குநர் ஐரின் பெர்னாண்டஸுக்கும் பெரும்பங்கு உண்டு. 2002இல் மலேசிய அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான். ஸ்விட்சர்லாந்து 1989இலேயே தடை செய்த பொருள் இது! இந்த இடைவெளிக்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது.

இன்று கிளைபோசேட், குளூபோசினேட் போன்ற களைக்கொல்லிகள் விற்கப்படுகின்றன. பாராகுவாட் அளவுக்கு உடனே கொல்பவை அல்ல. ஆனாலும் நீர் கலக்காத கரைசலை அளந்து ஊற்றும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஆபத்து அதிகம்; முகக்கவசமும் ரப்பர் ஏப்ரனும் முதலில் வேண்டியது அங்கேதான். அடைத்த நாசிலை வாயால் ஊதவே கூடாது. மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு ஊறவைக்காமல் தனியே துவைக்க வேண்டும். தேய்ந்த வாஷரை மாற்றுவதும் குளிக்கத் தண்ணீரும் சோப்பும் கொடுப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. அந்தச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.